பத்து எங்கிருந்து வந்தது?

பிளஸ் ஒன் வேதியியலில் ஒரு கணக்கு இருக்கிறது. தாத்தா போட்டிருப்பார், அப்பா போட்டிருப்பார், இப்போது பேரன் போட்டுக்கொண்டிருக்கிறான். பாடத்திட்டம் மாறும், புத்தகத்தின் அட்டை மாறும், வாத்தியாரின் சட்டைகூட மாறும். இது மாறாது. கணக்கு இதுதான்:

'ஒரு பாட்டிலில் உள்ள அடர் கந்தக அமிலம் எடையளவில் 98 சதவீதம். அதன் அடர்த்தி 1.84. மோலாரிட்டி என்ன?'

நாவல் விமர்சனம், சினிமா விமர்சனம், கிரிக்கெட் விமர்சனம் எல்லாம் வாராவாரம் படித்துக் களைத்துப் போயிருப்பீர்கள். ஒரு மாறுதலுக்கு இந்த வாரம் ஒரு கணக்கை விமர்சிக்கலாம். இரண்டே வரிதான். ஆனால் பல நாவல்களைவிட அதிகம் பேர் படித்த இரண்டு வரி. படித்த அத்தனை பேரும் அதற்கு விடையும் எழுதியிருக்கிறார்கள். எந்த நாவலாசிரியருக்குக் கிடைத்தது அந்த பாக்கியம்?

விமர்சனம் என்றால் முதலில் கதைச்சுருக்கம் சொல்லவேண்டும். கெமிஸ்ட்ரி மறந்துபோனவர்களுக்காக.

ஒரு திரவத்தில் இன்னொன்று கரைந்திருந்தால் அது கரைசல். கரைந்தது கரைபொருள். 98 சதவீதம் என்றால் 100 கிராம் கரைசலை எடுத்தால் அதில் 98 கிராம் அமிலம், மிச்சம் 2 கிராம் தண்ணீர். அடர்த்தி 1.84 என்றால் ஒரு மில்லி 1.84 கிராம் எடை. தண்ணீரோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். மோல் என்பது டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கை. டஜனுக்கு 12. மோலுக்கு 6 போட்டுப் பின்னால் 23 சைபர், தோராயமாக. கந்தக அமில மூலக்கூறுகளை இந்தக் கணக்கில் எண்ணி எடுத்தால் 98 கிராம் வரும். ஒரு லிட்டர் கரைசலில் இப்படி எத்தனை மோல் இருக்கிறது என்பதுதான் மோலாரிட்டி.

இப்போது கதை. ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை 1,840 கிராம். அதில் 98 சதவீதம் அமிலம், அதாவது 1,803 கிராம். ஒரு மோலுக்கு 98 கிராம் என்றால், 1,803-ஐ 98-ஆல் வகுக்க 18.4. முடிந்தது. மூன்று அடி. கை விரல்களையே தொடவேண்டாம்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். இது நல்ல கணக்கு. பாடப்புத்தகக் கணக்குகளில் பெரும்பாலானவை உலகத்தில் எங்கேயும் நடக்காதவை. ஒரு தொட்டியில் ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், இரண்டையும் எவனோ ஒரே சமயத்தில் திறந்துவைப்பான். இந்தக் கணக்கு அப்படியல்ல. ஆய்வுக்கூடத்துக்கு வரும் அமில பாட்டிலின் லேபிளில் சதவீதமும் அடர்த்தியும் அச்சடித்து வரும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வேலை ஆரம்பிக்கவேண்டும்.

ஏன் மோலாரிட்டியையே அச்சடித்துத் தொலைக்கக்கூடாது? காரணம் இருக்கிறது. அமிலத்தை விற்பவனுக்கு எடைதான் கணக்கு. டேங்கர் லாரியை வெயிட் பிரிட்ஜில் ஏற்றி டன் கணக்கில் விற்கிறான். எடைக்கு இன்னொரு நல்ல குணம்: வெயிலில் மாறாது. திரவம் சூடானால் விரியும், லிட்டர் கூடும், லிட்டருக்கு இத்தனை என்ற கணக்கு கொஞ்சம் நழுவும். எடைச் சதவீதம் மாசியிலும் சித்திரையிலும் ஒன்றுதான்.

ஆனால் வாங்கியவன் என்ன செய்வான்? புகையும் அமிலத்தைத் தராசில் ஊற்றி நிறுத்துக்கொண்டிருக்கமாட்டான். அளவு ஜாடியில் மில்லி கணக்கில் அளப்பான். விற்பவன் பேசுவது கிராம், வாங்குபவன் அளப்பது மில்லி. இந்த இரண்டு பாஷைக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் பெயர்தான் அடர்த்தி.

கணக்கின் மொத்த சாரமும் இந்த ஒரு வரிதான். இதைப் புரிந்துகொண்டவன் மிச்சத்தை ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவான். சரி, நம் பிள்ளைகளுக்கு இந்த வரி போய்ச் சேருகிறதா? இங்கேதான் குறைகள் ஆரம்பம்.

*

குறை ஒன்று. ஃபார்முலா.

டியூஷன் நோட்டுகளில் இந்தக் கணக்குக்கு ஒரு கட்டம் கட்டிய சூத்திரம் இருக்கும். மோலாரிட்டி = 10 × சதவீதம் × அடர்த்தி ÷ மோலார் நிறை. இரண்டு தடவை அடிக்கோடு. பக்கத்தில் நட்சத்திரம்.

வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். 'இந்த 10 எங்கிருந்து வந்தது?' பெரும்பாலும் கிடைக்கும் பதில்: 'அது ஃபார்முலால இருக்குப்பா.'

அது ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு லிட்டருக்கு 1,000 மில்லி. சதவீதம் என்றால் 100-க்கு. 1,000-ஐ 100-ஆல் வகுத்தால் 10. அவ்வளவுதான் ரகசியம். ஆனால் அந்தப் பத்துக்குள்ளே லிட்டர் புதைந்துபோய்விட்டது, நூற்றுக்கு என்ற சொல்லும் புதைந்துபோய்விட்டது. கிராமிலிருந்து மில்லிக்குத் தாண்டிய இடம் எது என்று தேடினாலும் தெரியாது. பாலத்தை இடித்து, அதன் கல்லையே எடுத்துக் கோடு போட்டுவிட்டோம்.

டியூஷன் மாஸ்டர் தரப்பையும் சொல்லவேண்டும். 2025 நீட் தேர்வில் 180 கேள்விக்கு 180 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். பையன் லிட்டரை எடுத்து, எடை போட்டு, சதவீதம் பிரித்துக்கொண்டிருந்தால் பக்கத்து பெஞ்ச்காரன் மூன்று கேள்வி தாண்டியிருப்பான். 'புரிஞ்சு படிச்சா லேட்டாகும் சார்' என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ள முடியாது. என் ஆட்சேபணை சூத்திரத்தின் மேல் இல்லை. அது எழுதப்படும் வரிசையின் மேல்தான். மூன்று அடிகளை நாலு தடவை நடக்கவிட்டு, பிறகு 'இதைச் சுருக்கினால் இப்படி வரும் பார்' என்று காட்டினால் சூத்திரம் ஒரு பரிசு. முதல் நாளே கொடுத்தால் அது மந்திரம். மந்திரத்தில் ஒரு எழுத்து மறந்தால் கதி என்ன? பத்துக்குப் பதில் நூறு போட்டவன் 184 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். 184 மோல் என்றால் 18 கிலோ. ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் 18 கிலோ அமிலம்! மூன்று அடி நடந்து பழகியவனுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கும்.

*

குறை இரண்டு. இது கொஞ்சம் நுணுக்கமானது. கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

சதவீதம் 98. மோலார் நிறை 98.

சூத்திரத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மிச்சம் 10 × 1.84. விடை 18.4. அடர்த்தியில் புள்ளியை ஓரிடம் நகர்த்தினால் விடை வந்துவிடுகிறது!

இந்த இரண்டு 98-க்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது. ஒன்று தொழிற்சாலையில் அமிலம் எவ்வளவு செறிவாகத் தயாராகிறது என்பதிலிருந்து வந்தது. இன்னொன்று ஹைட்ரஜன், கந்தகம், ஆக்ஸிஜன் அணுக்களின் எடையிலிருந்து வந்தது. எண் ஒன்றாக அமைந்தது சுத்தமான தற்செயல். அதனால் எந்த 98 எங்கே போகவேண்டும் என்று தெரியாத பிள்ளைக்கும் சரியான விடை வருகிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் வருகிறது. புரிந்தவனையும் புரியாதவனையும் பிரித்துக் காட்டுவதுதான் ஒரு தேர்வுக் கணக்கின் வேலை. இது இருவருக்கும் முழு மார்க் போட்டு அனுப்பிவிடுகிறது. நம்முடைய மிகப் பிரபலமான உதாரணம் இதுவாகவா இருக்கவேண்டும்?

பக்கத்து அலமாரியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 37 சதவீதம், அடர்த்தி 1.19. ஒரு லிட்டர் 1,190 கிராம். அதில் 37 சதவீதம் 440 கிராம். மோலார் நிறை 36.5. வகுத்தால் 12. எதுவும் எதோடும் அடிபடவில்லை. போனஸாக ஒரு அதிசயம்: இதில் கரைந்திருப்பது ஒரு வாயு. அந்த 12 மோல் வாயுவையும் வெளியே எடுத்துச் சாதாரண அறையில் விட்டால் சுமார் 300 லிட்டர் இடம் பிடிக்கும். 300 லிட்டரை ஒரு லிட்டருக்குள் அடக்கிவைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் ஏன் புகைகிறது என்று இப்போது தெரிகிறதா? விடையாக வந்த 12 என்ற எண் ஏதோ ஒன்றைச் சொல்லவேண்டும். புத்தகத்தில் அது சும்மா இரண்டு கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

*

குறை மூன்று தமிழ் சம்பந்தப்பட்டது.

'அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84.' இந்த வாக்கியத்தைப் படிக்கும் தமிழ் மீடியம் பிள்ளை என்ன நினைக்கும்? அடர் என்பதால்தான் அடர்த்தி என்று நினைக்கும். நியாயம்தானே? ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள். நாம் தண்ணீர் குறைவாக உள்ள அமிலத்துக்கு 'அடர்' என்று அடைமொழி கொடுத்துவிட்டு, ஒரு மில்லி எத்தனை கிராம் என்பதற்கும் 'அடர்த்தி' என்று பெயர் வைத்துவிட்டோம். கூடவே செறிவு என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பாவம் பிள்ளைகள்.

கந்தக அமிலத்தில் இந்தக் குழப்பம் மாட்டிக்கொள்ளாது. அமிலம் கூடக்கூடக் கரைசல் கனக்கிறது. அமோனியாவுக்கு வாருங்கள். அடர் அமோனியா கரைசல் எடையளவில் 28 சதவீதம். அடர்த்தி 0.90. தண்ணீரைவிட லேசு! அமோனியாவை மேலும் மேலும் கரைக்கக் கரைக்கக் கரைசல் இன்னும் லேசாகிக்கொண்டே போகிறது. அதாவது அடர் ஆக ஆக அடர்த்தி குறைகிறது. இந்த வாக்கியத்தை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், வாத்தியாரே ஒரு நிமிஷம் நிற்பார்.

இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகங்களில் 'செறிந்த சல்பூரிக்கமிலம்' என்று எழுதுகிறார்கள். தண்ணீர் கலந்தது 'ஐதான' அமிலம். செறிந்தது என்றால் செறிவு அதிகம், அவ்வளவுதான். அடர்த்தி தன்பாட்டுக்குத் தனியாக நிற்கிறது. கடலைத் தாண்டி ஒரு சொல்லைக் கடன் வாங்கினால் நம் கௌரவம் குறைந்துவிடாது.

கந்தக அமிலத்திலும் கடைசிக் கட்டத்தில் ஒரு விஷமம் உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் 94 சதவீத அமிலத்தின் அடர்த்தி 1.831. ஏறிக்கொண்டே போய் 97, 98 பக்கம் 1.836-ஐத் தொடுகிறது. அதற்குமேல் இறங்க ஆரம்பித்துவிடும். 100 சதவீத அமிலம் மறுபடி 1.83. ஆக, அடர்த்தியை மட்டும் அளந்து இது 94-ஆ 100-ஆ என்று சொல்லவே முடியாது. லேபிளில் சதவீதம், அடர்த்தி இரண்டையும் ஏன் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. பாடத்தில் இது ஒரு வரியாகவாவது இருக்கலாம்.

*

அடர்த்தியிலிருந்து செறிவைத் தெரிந்துகொள்ளும் வித்தை பள்ளிக்கூடத்தில் பிறந்ததல்ல. வியாபாரிகளும் வரி வசூலிப்பவர்களும் வளர்த்தது.

1768-ல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்து தயாரிப்பாளர் ஒரு மிதவைக் கருவிக்கு அளவுகோல் வகுத்தார். அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாய். திரவம் கனமாக இருந்தால் மேலே மிதக்கும், லேசாக இருந்தால் மூழ்கும். சுத்தமான தண்ணீரில் எவ்வளவு மூழ்குகிறதோ அங்கே சைபர் என்று ஒரு கோடு. 15 சதவீத உப்புக் கரைசலில் எங்கே நிற்கிறதோ அங்கே 15. நடுவில் சமமாகப் பிரித்துக் கோடுகள். கரைபொருளின் சதவீதத்தைக் கண்ணாடிக் குழாயின் மேலேயே எழுதிவிட்டார். கணக்கே போடவேண்டாம், பார்த்தால் போதும்.

அவர் போட்ட டிகிரி தூத்துக்குடி உப்பளங்களில் இன்றும் நடமாடுகிறது. கடல்நீர் பாத்திக்கு வரும்போது மூன்று, மூன்றரை டிகிரி. வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தாண்டும்போது உப்புப் பூக்க ஆரம்பிக்கும். 29, 30 என்று போனால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிடவேண்டும். ஒரு டிகிரி என்பது அங்கே காசு.

பேட்டரிக் கடையிலும் இதே கதை. இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்க்க வருபவர் ஒரு ரப்பர் குமிழை அழுத்தி ஆசிட்டை உறிஞ்சி மிதவையைப் பார்ப்பார். 'கிராவிட்டி 1240 இருக்கு சார்' என்பார். 1.24 என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். முழுதாகச் சார்ஜ் ஏறிய கார் பேட்டரியில் 1.28 வாக்கில் இருக்கும். எடையளவில் சுமார் 37 சதவீத அமிலம். நம் மூன்று அடிகளை நடந்தால் லிட்டருக்கு 474 கிராம், 4.8 மோல். பேட்டரி தீரத் தீர அமிலத்தின் சல்பேட் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். கரைசல் நீர்த்துப்போகும், அடர்த்தி இறங்கும். மிதவை மூழ்கும். மூழ்கிய ஆழம்தான் மிச்சமிருக்கும் கரண்ட். பிளஸ் ஒன் புத்தகத்தின் பக்கத்தில் இந்தக் கண்ணாடிக் குழாயின் படம் ஒன்றைப் போட்டிருந்தால், அடர்த்தி எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்டிருக்காது.

*

குறை நான்குதான் முக்கியமானது. மற்றதெல்லாம் மார்க் சம்பந்தப்பட்டது, இது உயிர் சம்பந்தப்பட்டது.

கணக்கில் 'எடையளவில்' என்று ஒரு சொல் வருகிறது, பார்த்தீர்களா? படிக்கும்போது கண் தாண்டிப் போகும் சொல். சதவீதத்தில் மூன்று ஜாதி உண்டு. எடைக்கு எடை: 100 கிராமில் இத்தனை கிராம். கனஅளவுக்குக் கனஅளவு: 100 மில்லியில் இத்தனை மில்லி. எடைக்குக் கனஅளவு: 100 மில்லியில் இத்தனை கிராம். மூன்றும் வெளியே ஒரே '%' குறி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுகின்றன.

2020-ல் எல்லார் கையிலும் சானிடைசர் பாட்டில் இருந்ததே, அதில் ஆல்கஹால் 70 சதவீதம் என்று போட்டிருந்தால் பொதுவாகக் கனஅளவுச் சதவீதம். எத்தில் ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, அடர்த்தி 0.789. அதே பாட்டிலை எடைக் கணக்கில் சொன்னால் 62 சதவீதம்தான். ஒரே திரவம், இரண்டு எண், இரண்டுமே உண்மை. ஆல்கஹாலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 50 மில்லி ஆல்கஹாலோடு 50 மில்லி தண்ணீர் சேர்த்தால் 100 வராது, 96, 97 மில்லிதான் வரும். மென்டலீவ் 1865-ல் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு ஆல்கஹாலும் தண்ணீரும் சேரும் விதத்தைப் பற்றித்தான். தனிம அட்டவணை அதற்கு நான்கு வருஷம் கழித்து. எடைகளைக் கூட்டலாம், கனஅளவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டக்கூடாது. அடர்த்தியை அளந்துதான் ஆகவேண்டும்.

ஆஸ்பத்திரி சலைன் 0.9 சதவீதம். இது எடைக்குக் கனஅளவு: 100 மில்லியில் 0.9 கிராம் உப்பு, லிட்டருக்கு 9 கிராம். ஊசி, சிரப் எல்லாம் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

இப்போது உங்கள் வீட்டு அலமாரியைத் திறங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து பாராசிட்டமால். சிரப்பாக வரும்போது ஒரு வகையில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொரு வகையில் 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லிக்கு 100. பாட்டில் சின்னது, அதனால் மருந்தும் லேசாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும். உண்மை நேர் எதிர். 125 சிரப்பில் 6 மில்லி கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அதாவது 150 மில்லிகிராம். சிரப் தீர்ந்துவிட்டதென்று ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், சொட்டு மருந்தை அதே 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம். நாலு மடங்கு. பாராசிட்டமால் அளவு மீறினால் போய் உட்காருவது ஈரலில்.

கற்பனை ஆபத்து அல்ல இது. அமெரிக்காவில் பச்சைக் குழந்தைக்கான சொட்டு மருந்து சிறுவர் சிரப்பைப்போல மூன்று மடங்கு செறிவாக இருந்தது. குழப்பம் தாங்காமல் 2011-ல் தயாரிப்பாளர்கள் இரண்டையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தார்கள். அட்ரினலின் ஊசியில் செறிவை '1:1000', '1:10,000' என்று விகிதமாகப் போடும் பழக்கம் இருந்தது. முதலாவது மில்லிக்கு 1 மில்லிகிராம், இரண்டாவது 0.1. உயிர் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் யார் சைபரை எண்ணிக்கொண்டிருப்பது? 2016-லிருந்து அமெரிக்காவில் அந்த விகிதம் லேபிளிலிருந்து எடுக்கப்பட்டு, மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதே போதும் என்றாகிவிட்டது. படித்து, பயிற்சி எடுத்து, வெள்ளைக் கோட்டு போட்டவர்களுக்கே இந்த நிலை. ராத்திரி இரண்டு மணி அம்மாவுக்கு யார் சொல்லித்தருவது?

பிளஸ் ஒன் கணக்குதான் சொல்லித்தந்திருக்கவேண்டும். சொல்லித்தர அதற்கு எல்லாத் தகுதியும் இருந்தது. 'எத்தனை மில்லி என்பது கேள்வியே இல்லை. அந்த மில்லிக்குள் எத்தனை கிராம் என்பதுதான் கேள்வி' என்ற ஒரே விஷயத்தைத்தான் அது இத்தனை வருஷமாகச் சொல்ல முயன்றுகொண்டிருக்கிறது. நாம் அதன் வாயில் பத்தைத் திணித்து அடைத்துவிட்டோம். பெரும்பாலோர் கெமிஸ்ட்ரியை பிளஸ் டூவோடு விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட மோலாரிட்டி கேட்கப்போவதில்லை. லேபிள் படிப்பார்கள். மாதம் நாலு தடவையாவது படிப்பார்கள்.

*

விமர்சகன் என்றால் குறை மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடாது. என் யோசனைகள் நான்கு.

ஒன்று: கந்தக அமிலத்துக்கு ஓய்வு கொடுங்கள். அல்லது 98-க்குப் பதில் பேட்டரி ஆசிட்டின் 37 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு: அமோனியாவை அடுத்த கணக்காகப் போடுங்கள், அடரும் அடர்த்தியும் வேறு வேறு என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும். விடை 14.8, சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்று: விடைக்குப் பிறகு இன்னொரு கேள்வி கேளுங்கள். 'இந்த அமிலத்தில் எத்தனை மில்லி எடுத்தால் ஒரு லிட்டர் ஒரு மோலார் கரைசல் கிடைக்கும்?' நம் 18.4-க்கு விடை 54 மில்லி. அடர்த்தியையும் சதவீதத்தையும் மறந்து, 98 கிராம்தானே என்று 98 மில்லி எடுத்தவனுக்குக் கரைசல் 1.8 மோலாராகிவிடும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த எண்ணைப் பார்த்தால்தான் அடர்த்தியின் மதிப்பு உறைக்கும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும்.

நான்காவது யோசனை வாத்தியார்களுக்கு. பொதுத்தேர்வில் வராது, ஆனாலும் கேட்டுவைக்கலாம். வகுப்பில் எல்லாரையும் வீட்டிலிருந்து ஒரு காலி மருந்து பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். லேபிளைப் படித்து, ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு பாட்டிலை பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து, தன் மருந்தில் 6 மில்லிக்குச் சமமான அளவு அவன் மருந்தில் எத்தனை மில்லி என்று கேளுங்கள். இரண்டும் ஒரே மருந்து இல்லையென்றால், 'சார், இந்தக் கேள்வியே தப்பு' என்று ஒரு பிள்ளையாவது எழுந்து சொல்லவேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு முழு மார்க் போடுங்கள். கூடப் பத்து மார்க் சேர்த்துப் போட்டாலும் சரி. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.